இடப்பக்க மட்காட்

பளபளக்கிற புதுக் காரைச் செய்வது பெரிய வேலை இல்லை. நல்ல வர்ணமும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். ஓடித் தேய்ந்த காரைச் செய்வதுதான் கஷ்டம். கதவுப் பிடியைச் சுற்றி விரல் பட்டு மங்கிய இடம், சாரதி ஏறி இறங்கிக் கறுத்துப்போன படி, மழைத்தண்ணீர் வடிந்து வடிந்து துருவேறிய கோடு எல்லாம் உள்ளங்கையில் அடங்கும் ஒரு காரில் வரவேண்டும். நான் செய்வது அப்படியான கார்கள். அசல் காரின் இருபத்துநான்கில் ஒரு பங்கு அளவு. கிழமை நாட்களில் மட்டக்களப்பில் ஓர் அலுவலகத்தில் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறவன், சனியும் ஞாயிறும் பின்னறையில் இந்தப் பைத்தியத்தோடு இருப்பேன். நாற்பது வயதில் விளையாட்டுச் சாமானா என்று மனைவி கேட்பாள். கேட்டுவிட்டு, முடிந்த மாத்திரை அட்டைகளை எறியாமல் எனக்கென்று எடுத்தும் வைப்பாள்.

மாத்திரை அட்டையின் குமிழ்தான் என் கார்களுக்கு முன்லைட் கண்ணாடி. தண்ணீர்க்குழாய் வாஷரை உரசி ரயர் செய்வேன். பேனையில் சுற்றி வளைத்த செப்புக்கம்பி ஸ்டியரிங். பழைய பணப்பையின் ரெக்சின் சீற்றாகிவிடும். வர்ணம் அடிப்பது மட்டும் நம் விருப்பத்துக்கு நடக்காது. வாவிக்கரைக் காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும். காலையில் அடித்தால் வர்ணத்தின் மேல் வெள்ளை பூத்துவிடும். வெயில் ஏறி பத்து மணிக்குப் பிறகு தொடங்கி, இரண்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். மாரி மாதங்களில் அதுவும் நடக்காது, காரின் உடம்பை வெட்டுவதும் உரசுவதும்தான்.

இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமைதான் கடைசியில் என்னைக் காட்டிக்கொடுத்தது.

அத்தானிடம் ஒரு பழைய ஏ ஃபோர்ட்டி கார் இருந்தது. அத்தான் என்றால் என் மூத்த அக்காவின் கணவர். எனக்கும் அக்காவுக்கும் பதினான்கு வயது வித்தியாசம், அதனால் அத்தானை ஒரு தகப்பன் மாதிரித்தான் எனக்குப் பழக்கம். வீடு தன்னாமுனையில். முன்னால் ஏறாவூர் ரோடு, பின்னால் வாவி. வாவியை எங்கள் பக்கம் ஆறு என்றுதான் சொல்வோம். அந்தக் கார் அவரைவிட மூத்தது. பாலாடை நிறம், முட்டை மாதிரி உருண்ட முகம். ஊரெல்லாம் முச்சக்கரவண்டி வந்த பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தது. காலையிலும் மத்தியானமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஐந்து பேர் ஏறவேண்டிய இடத்தில் எட்டுச் சின்னதுகள் ஏறும். சனிக்கிழமைகளில் கல்யாணம், பொம்பிளை மாப்பிளை. தினமும் விடிய எழும்பி, தேத்தண்ணி குடிக்க முதல், வாளியில் தண்ணீர் அள்ளிக் காரைக் கழுவுவார். என் அக்கா, "என்ட முகத்த இப்பிடி ஒரு நாள் பாத்தீங்களா?" என்று கேட்பாள். அவர் சிரிப்பார்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும். செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டை விட்டு வந்து, அக்கா வீட்டில் தங்கி, வேலை தேடுகிறேன் என்ற பெயரில் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அத்தான்தான் எனக்குக் கார் ஓட்டப் பழக்கினார். ஆனால் தனியே எடுத்துப்போக விடமாட்டார். "புள்ளையள் ஏறுற கார்" என்பார். அதற்கு மேல் கதையில்லை.

பள்ளிக்கூட விடுமுறை நாள் ஒன்று. மத்தியானம் அத்தான் நல்ல நித்திரை. அக்கா மாதா கோயிலுக்குப் போயிருந்தாள். ஆணியில் சாவி தொங்கியது. வவுணதீவில் என் கூட்டாளிகள் நெல் குத்தும் மில் ஒன்றில் நிற்பார்கள் என்று தெரியும். ஏ ஃபோர்ட்டியில் போய் இறங்கினால் எப்படி இருக்கும் என்று ஒரு ஆசை. அதைத் தவிர வேறு ஒரு காரணமும் இல்லை. ஒரு பெண்ணுக்காக என்றாலாவது சொல்ல ஒரு கதை இருந்திருக்கும்.

மில் வாசலில் திருப்பும்போது இடப்பக்கம் கணக்குப் பிழைத்துவிட்டது. கேட்டின் இரும்புத்தூண், சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் மட்காட்டை உரசிக்கொண்டு போனது. சத்தம் பெரிதாக இல்லை. இறங்கிப் பார்த்தேன். ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே நெளிந்திருந்தது. நெளிவின் நடுவில், பாலாடை நிறத்தின் மேல், ஒரு பச்சைக் கீற்று. தூணின் வர்ணம் அது. கூட்டாளிகள் யாரும் அன்றைக்கு அங்கே இருக்கவும் இல்லை. மில்லும் பூட்டு.

திரும்பும் வழியில் ஒரு மருத மரத்தடியில் நிறுத்தினேன். டிக்கியில் அத்தான் வைத்திருந்த மண்ணெண்ணெய்ப் போத்தலையும் துணியையும் எடுத்து அந்தப் பச்சையைத் தேய்த்தேன். அரை மணித்தியாலம் தேய்த்திருப்பேன். பச்சை முழுவதும் போய்விட்டது. நெளிவு எங்கே போகும்? நெளிந்த பக்கம் மதிலோடு வரும்படி காரை விட்டு, சாவியை ஆணியில் கொழுவினேன். அத்தான் அப்போதும் நித்திரைதான்.

பொழுதுபட ஒரு வாடகை ஹையர் வந்தது, அத்தான் போய்வந்தார். அடுத்த நாள் விடிய, காரைக் கழுவும்போதுதான் கண்டார்.

அவர் சத்தம் போட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லி ஆறியிருக்கிறேன். அவர் சத்தம் போடவில்லை. குந்தியிருந்து அந்த நெளிவை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"தம்பி, நேத்து நான் காரை உள்ளுக்கு விடக்குள்ள எங்கயும் முட்டின சத்தம் கேட்டதா உனக்கு?"

என்மேல் அவருக்கு ஒரு பொட்டுச் சந்தேகம் இல்லை. தான் முட்டியது தனக்கே தெரியவில்லையா என்பதுதான் அவருடைய கேள்வி. "நான் கவனிக்கல்ல அத்தான்" என்றேன். அந்த ஒரு வசனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

கஷ்டகாலம், அதற்கு முதல் கிழமைதான் அவர் பேப்பர் வாசிக்க மூக்குக்கண்ணாடி வாங்கியிருந்தார். ஐம்பது வயதில் எல்லோருக்கும் வருகிற வெள்ளெழுத்து. இப்போது அவர் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார். கண் டொக்டரிடம் போனார். வெள்ளெழுத்தைத் தவிர ஒன்றும் இல்லை, தாராளமாகக் கார் ஓட்டலாம் என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். அத்தானுக்கு மனம் ஆறவில்லை.

"அவருக்கென்ன, அவர்ட புள்ளையளா என்ட கார்ல ஏறுறது?" என்றார். "தகரம் நெளிஞ்சதே தெரியாதவன், நாளைக்கு ஒரு புள்ளையில முட்டினா எப்பிடித் தெரியப்போகுது? வேணாம். இதோட போதும்."

அன்று பின்னேரமே பிள்ளைகளின் வீடுகளுக்கு நடந்துபோய், வேறு வாகனம் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். இரண்டு மாதத்தில் காரும் போனது. வாங்கியவர் தூர இடத்துக்காரர். அவர் ஓட்டிக்கொண்டு போகும்போது அத்தான் வாசலுக்கு வரவில்லை. ஆற்றங்கரையில் நின்றார். பிறகு ஒரு ஹாட்வெயார் கடையில் ஆணியும் கம்பியும் நிறுத்துக் கொடுக்கிற வேலைக்குப் போனார். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருவார்.

அக்கா அவரைவிடப் பயந்துபோனாள். ரோட்டைக் கடக்கும்போதெல்லாம் அவர் கையைப் பிடிக்கத் தொடங்கினாள். எதிரே இருக்கிற கடையில் பின்னேரம் பேக்கரிப் பாண் வாங்கப் போவதென்றாலும் இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டுதான். ஊரில் பகிடி பண்ணுவார்கள், புதுமாப்பிளை பொம்பிளை போகிறார்கள் என்று. நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். வெட்கமில்லாமல் சிரித்திருக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை? முதல் நாள் பயம். அத்தான் வீட்டுச் சோறு, அக்காவின் முகம் என்று எல்லாம் கண்ணுக்கு முன்னால் நின்றது. அடுத்த கிழமை வெட்கம். கார் விற்றுப்போன பிறகு, இனிச் சொல்லி என்ன என்று ஒரு நியாயம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம், எங்கள் பங்குக் குருவிடம், சொன்னேன். சுவாமி முழுவதும் கேட்டுவிட்டு, மூன்று செபமாலை சொல்லச் சொன்னார். "இத என்னட்டச் சொன்னது சரி, அவரிட்டயும் போய்ச் சொல்லு" என்றும் சொன்னார். செபமாலையைச் சொன்னேன். மற்றதைச் செய்யவில்லை. அந்தச் சுவாமி மாறிப்போகும் வரைக்கும் வேறு கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன்.

இந்தக் குற்ற உணர்ச்சியால்தான் சின்னக் கார்கள் செய்யத் தொடங்கினேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. எனக்கு அது பிடித்தது, தொடங்கினேன். ஆனால் அன்றைக்குப் பிறகு ஒரு காரின் சாரதிச் சீற்றில் நான் ஏறவில்லை என்பது உண்மை. இன்றைக்கும் மோட்டார் சைக்கிள்தான்.

போன வருடம் அத்தானுக்கு அறுபத்தைந்து வயதானது. அந்த ஏ ஃபோர்ட்டியைச் செய்து கொடுப்பது என்று முடிவெடுத்தேன். சொல்ல முடியாததற்குப் பதிலாக ஏதாவது ஒன்றைக் கொடுத்துத் தப்பப் பார்த்தேன் என்பதும் அதில் இருந்தது. வேறொரு பழைய காரின் பிளாஸ்டிக் உடம்பை வாங்கி வெட்டி, புட்டி போட்டு உருட்டி உருட்டி அந்த முட்டை முகத்தைக் கொண்டுவரவே நாலு மாதம் போனது. பார்த்துச் செய்ய ஒரே ஒரு படம் இருந்தது. யாரோ ஒருவருடைய கல்யாணப் படம், காரின் வலப்பக்கம் மட்டும் தெரியும். இடப்பக்கத்தை மனதில் இருந்துதான் செய்தேன்.

சுத்தமான காராகச் செய்துவிடுவோம் என்றுதான் இருந்தேன். பாலாடை நிறம் அடித்துக் காய்ந்த அன்று அதை மேசையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எல்லாம் சரி. ஆனால் அது அந்தக் கார் இல்லை, கடைக் கண்ணாடிக்குள் இருக்கிற ஏதோ ஒரு கார். எனக்குப் பொறுக்கவில்லை. அத்தான் கடைசியாகப் பார்த்த கார் நெளிந்த கார்தானே, அவரும் தேடுவார்தானே என்று ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டு, மட்காட்டை உட்பக்கமாக பிளேட்டால் சுரண்டி மெல்லிசாக்கினேன். கரண்டிக் காம்பைச் சூடாக்கி மெதுவாக அமுக்கினேன். முதல் தடவையிலேயே வந்தது. அப்படியொரு நெளிவை நான் அதற்கு முதல் செய்ததில்லை. எழும்பி நின்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு கைபோன போக்கில், ஒற்றை மயிர்த் தூரிகையைப் பச்சையில் தொட்டு, நெளிவின் நடுவில் ஒரு கீற்று இழுத்தேன். என் மனதில் அந்த நெளிவு எப்போதும் பச்சையோடுதான் இருந்தது. பதினைந்து வருடமாக அப்படித்தான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பச்சையை உலகத்தில் நான் ஒருவன் மட்டும்தான் கண்டேன் என்பது அந்த நேரம் என் புத்திக்கு எட்டவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மத்தியானச் சாப்பாடும் ஆன பிறகு, பெட்டியை எடுத்துக்கொண்டு தன்னாமுனைக்குப் போனேன். அத்தான் பின்பக்கம், ஆற்றைப் பார்த்தபடி மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். பெட்டியைத் திறந்ததும், "அட சவமே!" என்றார். அவர் மகிழ்ந்தால் வாயில் வருவது அந்தச் சொல்தான். சட்டைப்பையில் இருந்த மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காரை உள்ளங்கையில் ஏந்தி, முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். ஸ்டியரிங்கைப் பார்த்துச் சிரித்தார். சீற்றைச் சின்னி விரலால் தொட்டார். கண்ணுக்குள் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. எனக்கும்தான். இவ்வளவு போதும், இத்தோடு விட்டது என்று ஒரு நிம்மதிகூட வந்தது.

காரைத் திருப்பினார்.

"இந்த நெளிவையும் விடல்லையா நீ?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். "அப்பிடியே இரிக்கி."

பிறகு சிரிப்பு நின்றது. மூக்குக்கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தார், ஏற்றிப் பார்த்தார்.

"இது என்ன பச்ச?"

குனிந்து அந்தக் கீற்றைப் பார்த்தேன்.

"எங்கட கார்ல பச்ச இருக்கல்லயே தம்பி. அந்த இடத்த எத்தின தரம் தடவித் தடவிப் பாத்தவன் நான். எதுல முட்டினன் எண்டு கண்டுபுடிக்க ஒரு பொட்டு வர்ணம் கிடைக்காதா எண்டு தேடினனான். ஒண்டும் இல்ல."

எனக்குப் பொய்கள் கைவசம் இருந்தன. பூஞ்சணம் என்று சொல்லலாம். தூரிகை தவறியது என்று சொல்லலாம். அவர் நம்பியும் இருப்பார், நான் சொன்னதை எப்போது நம்பாமல் விட்டிருக்கிறார்? ஆனால் வர்ணம் தேடினேன் என்று அவர் சொன்னதும் என்னால் முடியவில்லை. நான் தேய்த்துக் கழுவியதைத்தான் அந்த மனிதர் தேடியிருக்கிறார்.

"நான்தான் அத்தான்" என்றேன். "நீங்க மத்தியானம் நித்திரையில கிடக்கக்குள்ள எடுத்துப் போனன். வவுணதீவுல மில் கேட்டுல உரசிப்போச்சு. பச்சக் கேட். மண்ணெண்ணெய்யால துடச்சிட்டன்."

அத்தான் காரை வாங்கில் வைத்தார், மெதுவாக, அதற்கு நோகும் என்பதுபோல. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஆற்றைப் பார்த்தார்.

"அந்தா தோணியில ரெண்டு பேர்" என்றார். "முன்னுக்கு இரிக்கிறவன் சிவப்புப் பெனியன். சரியா?"

"ஓம் அத்தான்."

"வலைக்கம்பு நட்டிரிக்கிற இடத்துல, மூண்டாவது கம்பில நீர்க்காகம். செட்டைய விரிச்சுக்கொண்டு நிக்கி. சரியா?"

"ஓம்."

"அக்கரையில ஒரு மாடு. கண்டும் நிக்கி."

மாடு எனக்குத் தெரிந்தது. கன்று தெரியவில்லை. கார் செய்து செய்து என் கண்தான் கெட்டுப்போயிருக்கிறது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தேன். மாட்டின் வயிற்றுக்குக் கீழே ஏதோ அசைந்தது.

"ஓம் அத்தான். கண்டு இரிக்கி."

"அப்ப கண்ணுல ஒண்டும் இல்ல" என்றார். என்னிடம் சொல்லவில்லை.

அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தாள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "என்ன மனே, ஆத்துக்க என்னத்தத் தேடுறீங்க?" என்றாள். அத்தான், "அவன் சொல்லுவான்" என்றார். இரண்டாம் தரம் சொல்வது முதல் தரத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. சொன்னேன். மண்ணெண்ணெய் வரைக்கும் சொன்னேன்.

அக்கா தட்டை வைத்துவிட்டு நிலத்தில் இருந்துவிட்டாள். கனநேரம் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"பதினஞ்சு வரிசமா நான் இந்த மனிசன ரோட்டுக்குக் கையப் புடிச்சுக் கூட்டிற்றுப் போறன்" என்றாள். "நீ பாத்துக்கொண்டு நிண்டிருக்காய்."

மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணி ஆறி ஏடு படிந்தது. போகவும் தெரியாமல் இருக்கவும் தெரியாமல் நான் அங்கேயே இருந்தேன்.

நாலரை மணிக்கு எதிர்க்கடையில் சூடான பாண் வரும். அத்தான் எழும்பிச் சறத்தை இறுக்கிக் கட்டினார். அக்காவும் எழும்பினாள். அத்தான் கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"நீ இரி. இண்டைக்கு நான் தனியப் போறன்."

அவர் முன்வாசலால் போனார். அக்கா கேட்டடிக்குப் போய் நின்றாள், நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். அத்தான் ரோட்டோரத்தில் நின்று வலப்பக்கம் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். ஏறாவூர்ப் பக்கமிருந்து ஒரு பஸ் வந்து போனது. ஒரு முச்சக்கரவண்டி போனது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய மட்டும் ரோடு வெறுமையாகக் கிடந்தது. அவருக்கு அது எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கும்.

அவர் இறங்கவில்லை. மறுபடி வலப்பக்கம் பார்த்தார், மறுபடி இடப்பக்கம் பார்த்தார். ஒரு காலை ரோட்டில் வைத்தார், திரும்ப எடுத்துக்கொண்டார்.

பிறகு, திரும்பிப் பார்க்காமலே, ஒரு கையைப் பின்னால் நீட்டினார். அக்கா போய் அதைப் பிடித்தாள்.